ரெண்டு மிதி

சூசை தங்கமுத்துவுக்குத் தரவேண்டியது எழுபத்தெட்டாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய். அதில் அசல் நாற்பத்தைந்தாயிரம், மனைவி செபஸ்தியம்மாளுக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது வாங்கியது. மீதி, இருபத்தைந்து மாதத்து மூணு வட்டி. சூசை தேங்காய் உரிப்பதும் தங்கமுத்துவின் தோப்பில்தான். கூலியில் வட்டியைக் கழித்துக்கொள்ளச் சொன்னால் வீட்டுக்குக் கொண்டுபோக உரிமட்டைதான் மிஞ்சும். ஆகவே இரண்டு பேருமே அந்தப் பேச்சை எடுக்காமல் இரண்டு வருஷத்தைத் தள்ளியிருந்தார்கள். ஆனி பிறந்து பத்தாம் நாள் தங்கமுத்து எடுத்தார்.

செம்பட்டிப் பக்கம் ஆனியில் காற்று மனுசனை நிற்க விடாது. மேற்கே மலை இடுக்கில் கிளம்புகிற காற்று செம்மண்ணை வாரிக்கொண்டு வந்து கஞ்சிச் சட்டிவரை கொட்டும். தென்னைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து, எந்நேரமும் யாரையோ வைகிற மாதிரி இரைந்துகொண்டிருக்கும். அந்த இரைச்சலுக்கு மேலே கத்த வேண்டிய அவசியம் தங்கமுத்துவுக்கு இருந்ததில்லை. அவர் மெதுவாகப் பேசுவார், மற்றவர்கள் கிட்டே போய்க் கேட்டுக்கொள்வார்கள்.

"ஏலே சூசை, பாப்பா பன்னெண்டு முடிச்சிருச்சாம்ல?"

"ஆமாங்கய்யா. நானூத்தி அறுபத்தொண்ணு."

"அடுத்து?"

"நர்சுக்குப் படிக்கணும்னு நிக்கிது. திண்டுக்கல்லுல ஒரு சிஸ்டர் சீட்டு வாங்கித் தாரேன்னு சொல்லிருக்காக."

"படிக்கட்டும். படிப்பு எங்க ஓடிப்போகுது?" தங்கமுத்து ஈர்க்குச்சியால் பல் குத்திக்கொண்டார். "ஒரு மில்லுல சொல்லி வச்சிருக்கேன். ஆஸ்டல்ல தங்கி மூணு வருசம் ஓட்டுனா, கடைசில மொத்தமா ஒரு தொகை குடுப்பான். அத நேரா எங்கிட்ட குடுக்கச் சொல்லிட்டா உன் கணக்கும் முடியும். இந்தத் திங்க போயி அடுத்த திங்க வண்டி வருது. ஏத்தி விட்ரு."

சூசையின் கையில் பாதி உரித்த தேங்காய் இருந்தது. அவன் அண்ணன் மகள் ஒரு மில்லுக்குப் போய்ப் பதினாலு மாசத்தில் திரும்பி வந்தாள். என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இன்றைக்கும் யாராவது வாசல் கதவைச் சாத்தினால் எழுந்து நின்றுகொள்கிறாள்.

"அய்யா, வேற ஏதாச்சும்..." என்றான்.

தங்கமுத்து தோப்பு மூலையில் இருந்த தகரக் கொட்டகையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீ ஆறு வருசம் காய் லாரியில கிளீனரா இருந்தவன்தானே?"

"ஆமாங்கய்யா. ஒட்டன்சத்திரத்துல இருந்து கேரளாவுக்கு."

"அப்ப வா."

கொட்டகைக்குள் அவருடைய அப்பா வாங்கிய ஃபியட் கார் நின்றது. ஊரில் பெரியவர்கள் அதை இன்னமும் பிளசர் என்றுதான் சொல்வார்கள். ஒரு காலத்தில் பச்சை நிறம். இப்போது மேலே மட்டைத்தூசி ஒரு விரல்கடை படிந்திருந்தது. நாலு டயரும் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தன. பின் சீட்டில் கோழி ஒன்று அடையிருந்தது, கதவைத் திறந்ததும் அது சூசையை முறைத்தது.

"பதினெட்டு வருசமா நிக்கிது. திண்டுக்கல்லுல கல்யாண போட்டோ எடுக்கிறான்ல ரொனால்டுன்னு ஒரு தம்பி, அவன் கேக்குறான். பொண்ணு மாப்பிள்ளைய உள்ள ஒக்கார வச்சு எடுத்தா இப்ப அதுக்கு அம்புட்டு மவுசாம். ஓடுற வண்டின்னா ரெண்டேகால் லட்சம். ஓடலன்னா பழைய இரும்பு வெல. மெக்கானிக்கு ஒருத்தன் பாத்துட்டு அறுவதாயிரம் கேட்டான். அறுவதாயிரம்!"

"அய்யா, நான் கிளீனருங்க. டயரு மாத்துவேன், கிரீசு அடிப்பேன். இஞ்சினு வேலையெல்லாம் மெக்கானிக்கு பக்கத்துல நின்னு பாத்ததுதான்."

"பாத்தேல்ல? அது போதும். ஓட வையி. ரொனால்டு துட்டக் குடுத்து ஓட்டிட்டுப் போற அன்னைக்கு உன் நோட்டக் கிழிச்சிருவோம். ஓடலையா, மில்லு வண்டிக்குப் பாப்பாவ நிப்பாட்டு. நாள் இருக்கு, பதிமூணு."

சூசை சரியென்றான். வேறென்ன சொல்வான்?

முதல் மூன்று நாள் கழுவுவதிலேயே போயிற்று. எலி இழுத்துவந்து திணித்திருந்த தேங்காய் நாரை என்ஜினுக்குள்ளிருந்து இரண்டு கூடை அள்ளினான். டாங்கியில் கிடந்த பெட்ரோல் வெல்லப்பாகாய் இறுகி, பெயிண்டு நாற்றம் அடித்தது. என்ஜின் சுற்றவே மறுத்தது. பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துவாரங்களில் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறவிட்டு, அதற்கு இரண்டாம் நாள் ஸ்டார்ட்டிங் கம்பியைப் போட்டுத் தொங்கினான். தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. சாயங்காலம் உள்ளே எதுவோ முனகி, அரைச் சுற்று கொடுத்தது.

தெரியாததை மகள் வினோலியாவின் போனில் பார்த்துக்கொண்டான். மத்தியானக் கஞ்சி கொண்டுவருகிறபோது அவள் போனையும் கொண்டுவருவாள். அப்பனும் மகளும் வண்டி மறைவில் காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, எவனோ ஒருத்தன் கார்புரேட்டரைக் கழற்றுவதை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள்.

"அப்பா, அவரு அந்தக் குட்டி ஸ்குருவ ஒன்றரைச் சுத்து திருகுறாரு. நீங்க எத்தன சுத்து?"

"ஸ்குரு எங்கன்னே தெரியல, இதுல சுத்து கேக்குற."

"உங்க காலுக்கடியில கிடக்கு."

"அட, கம்முனு பாரு தாயி."

மில் வண்டியைப் பற்றி அவளிடம் யாரும் சொல்லவில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்திருந்தது. எட்டாம் நாள் டிராக்டர் பேட்டரியைக் கட்டி, சோக்கை இழுத்து, செல்ஃப் அடித்தபோது என்ஜின் இருமி, கறுப்பாய்ப் புகை தள்ளி, நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி எடுத்தது. அடையிருந்த கோழி அலறிக்கொண்டு ஓடியது. வினோலியா சிரிக்கவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அதைப் பார்த்துத்தான் பிள்ளைக்கு எல்லாம் தெரியும் என்று சூசைக்கு விளங்கிற்று.

மிச்சம் இருந்தது பிரேக்.

சூசை கண்ட லாரிகளில் எல்லாம் காற்றுப் பிரேக். இந்த வண்டியில் ஆயில் பிரேக். ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் விரல் நீளத்துக்கு ஒரு சிலிண்டர், அதற்குள் சின்னக் கிண்ணம்போல ரப்பர் கப்புகள். பெடலை மிதித்தால் ஆயில் வந்து கப்பைத் தள்ளும், கப்பு கட்டையைத் தள்ளும், கட்டை டிரம்மைப் பிடிக்கும். போனில் இருந்த ஆள் பழைய கப்புகளைத் தூரப் போட்டுவிட்டுப் புதுசு போட்டான். சூசை தங்கமுத்துவிடம் போய் நின்றான்.

"அய்யா, ரப்பர் கிட்டு ஒண்ணு வேணும். மதுரையில இருக்காம். ஆயிரத்து எண்ணூத்தம்பது."

"பேட்டரி கேட்ட. டயரு கேட்ட. பதினோராயிரம் போயிருச்சு. இப்ப ரப்பரா?" தங்கமுத்து குரலை உயர்த்தவில்லை. "இருக்கிறத கழுவிப் போடு. ரொனால்டு போட்டோவுக்குத்தானே வாங்குறான், பந்தயத்துக்கா?"

சூசை இருக்கிறதைக் கழுவினான். லாரியில் அவனுக்குத் தெரிந்த ஒரே கழுவல் டீசல் கழுவல். பேரிங்கானாலும் சங்கிலியானாலும் ராத்திரி டீசலில் போட்டுவைத்தால் காலையில் பளிச்சென்று இருக்கும். அப்படியே கப்புகளையும் ஒரு தகர டப்பாவில் டீசலை ஊற்றி ஊறப்போட்டுவிட்டுப் போனான். காலையில் வந்து எடுத்தபோது அழுக்கு போயிருந்தது. ஆனால் கப்புகள் ஊறவைத்த மொச்சை மாதிரி உப்பியிருந்தன. சிலிண்டருக்குள் ஒன்றுகூட நுழையவில்லை.

வெள்ளிக்கிழமை. திங்களுக்கு முன்னால் இரண்டே நாள்.

சூசை சவரப் பிளேடு ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கப்பின் விளிம்பையும் சுற்றிச் சுற்றிச் சீவினான். கை நடுங்காமல் செய்தான். வெங்காயத் தோல்போல மெல்லிசாக ரப்பர் சுருள் சுருளாய் விழுந்தது. சீவின கப்புகள் உள்ளே போயின. லேசாகத் தள்ளினாலே போயின.

செபஸ்தியம்மாள் சோறும் அவரைக்காய் வெஞ்சனமும் கொண்டுவந்தவள் தூக்குச்சட்டியை வைத்துவிட்டுக் குனிந்தாள்.

"என்னங்க இது, நெகம் வெட்டிப் போட்ட மாதிரி?"

"ரப்பரு. பெருசா இருந்துச்சு, சின்னதாக்குனேன்."

"செருப்பா அது, அளவுக்கு வெட்டிக்கிட? வெட்டலாமா?"

"ஏன், வெட்டுனா என்ன?"

"எனக்கென்ன தெரியும்? நீங்க கேட்டதுனாலதான் நானும் கேக்குறேன்."

"நான் எங்கடி கேட்டேன்?"

"மொகத்துல கேட்டிருக்கு," என்றாள் அவள். பிறகு சுருள்களையெல்லாம் முந்தானையால் ஒதுக்கி, காற்றில் பறந்து சோற்றில் விழாதபடி மண்ணைத் தள்ளி மூடினாள்.

சனிக்கிழமை தோப்புக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தான். பிரேக் கெட்டியாகப் பிடித்தது. மனசு லேசாகி, கிணற்றைச் சுற்றி இன்னொரு வட்டம் போனான். மறுபடி மிதித்தபோது பெடல் வெண்ணெயில் கால் வைத்த மாதிரி தரைவரை போயிற்று. பதறி இன்னொரு மிதி மிதித்தான். அதற்குப் பிடித்தது. கிணற்று மேட்டுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கலாம். இறங்கிப் பார்த்தான். பின்சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் கசிந்து மண் நனைந்திருந்தது. கைப்பிரேக்குக்குக் கம்பியே கிடையாது, எப்போதோ துருப்பிடித்து அற்றுப்போயிருந்தது.

ஆயிலை மறுபடி ஊற்றிக் குழாயிலிருந்த காற்றை எடுத்தான். ஓட்டினான். பிடித்தது. ஓட்டினான். போயிற்று. ரெண்டு மிதி மிதித்தால் பிடிக்கிறது. சில தடவை மூணு.

வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டான். வினோலியா, சிஸ்டர் கொடுத்த பாரத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். அப்பா தொழில் என்ற இடத்தில் என்ன எழுத என்று கேட்டாள். செபஸ்தியம்மாள், "மெக்கானிக்குன்னு எழுது," என்று சொல்லிச் சிரித்தாள். சூசை தட்டில் தண்ணீரை ஊற்றிக் கையைக் கழுவினான்.

ஞாயிறு காலை பூசை முடிந்து பத்து மணிக்கு ரொனால்டு பைக்கில் வந்தான். இருபத்தெட்டு, முப்பது வயசு இருக்கும். கார் கழுவித் துடைத்து வாசலில் நின்றது. அவன் அதைச் சுற்றி வந்து, முகப்பைத் தடவி, கண்ணாடியில் தன் தாடியைப் பார்த்துக்கொண்டான்.

"சூப்பருண்ணே. நீங்களா ரெடி பண்ணுனது?"

"ஆமா தம்பி."

"எத்தன வருசமா மெக்கானிக்கா இருக்கீங்க?"

"பன்னெண்டு நாளா," என்றான் சூசை. ரொனால்டு அதை நகைச்சுவை என்று நினைத்துச் சத்தமாகச் சிரித்தான்.

தங்கமுத்து என்ஜினைக் கிளப்பச் சொன்னார். எடுத்தது. ரொனால்டு தோள்பைக்குள்ளிருந்து பணக்கவரை எடுத்து அவர் கையில் வைத்தான். அவர் எண்ணினார். எண்ணி முடித்ததும் வேட்டி மடியிலிருந்து நாலாய் மடித்த புரோநோட்டை எடுத்துச் சூசைக்குக் காட்டிவிட்டு மறுபடி செருகிக்கொண்டார்.

"தம்பி வண்டிய ரோட்டுக்கு ஏத்துனதும் கிழிச்சிருவோம்."

ரொனால்டு கதவைத் திறந்து உட்கார்ந்தான். "நேரா ஆயக்குடி போறேண்ணே. மாமியார் வீடு. வைஃபும் பாப்பாவும் அங்கதான் இருக்காங்க. அப்படியே ஏத்திக்கிட்டு ஊருக்குப் போயிரலாம்."

தோப்பு வாசலைத் தாண்டினால் கண்மாய்க் கரை. கரைமேல் இருநூறு அடி போய், வண்டிப்பாதை சரிவாக இறங்கித் தார் ரோட்டில் சேரும். அந்த ரோட்டில் ஒட்டன்சத்திரத்துக் காய் லாரிகள் குமுளிக்கு அடித்துக்கொண்டு போகும். சூசை கிளீனராக எத்தனை தடவை அதில் போயிருப்பான். அந்த இடத்தில் எந்த டிரைவரும் வேகத்தைக் குறைத்ததில்லை.

"அய்யா," என்றான் சூசை.

"என்னலே?"

"பிரேக்கு... அம்புட்டு சரியில்ல போலங்கய்யா."

ரொனால்டு காலை வெளியே வைத்தான். தங்கமுத்து திரும்பினார்.

"போலயா? சரியில்லையா?"

"சரியில்லங்கய்யா. ஒரு தடவ பிடிக்கிது, ஒரு தடவ போயிருது. இன்னும் நாலு நாள் குடுத்தீகன்னா..."

"நாலு நாள்." தங்கமுத்து அந்த இரண்டு வார்த்தையை வாயில் வைத்துச் சப்பினார். "நாளைக்கு மில்லு வண்டி வருது. அது போயிரட்டும்னு நாலு நாள் கேக்குறியா? இல்ல தம்பிகிட்ட தனியா ரேட்டு பேசுறியா? நேத்து தோப்புக்குள்ள எட்டு சுத்து சுத்துனியே, நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். அப்பப் பிடிச்சது இப்பப் பிடிக்கலையா?"

"சத்தியமா அய்யா, நான் என்னத்துக்கு..."

"என்ன கோளாறுன்னு சொல்லு பாப்போம். நீதானே மெக்கானிக்கு."

சூசை வாயைத் திறந்தான். காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. டீசலில் போட்டேன், பிளேடால் சீவினேன். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சொன்னால் ரொனால்டு இந்த நிமிஷமே கவரை வாங்கிக்கொண்டு பைக்கில் ஏறுவான். அறுபதாயிரத்து மெக்கானிக் வருவான். கெடுத்தவன் தலையில் அந்த அறுபதாயிரமும் ஏறும். நாளைக் காலை வினோலியா பெட்டியோடு ரோட்டில் நிற்பாள்.

"தெரியலங்கய்யா," என்றான். "பழைய வண்டி. கால்ல ஒரு மாதிரி தெரியுது."

"ஒரு மாதிரி!" தங்கமுத்து சிரித்தார். "தம்பி, நீங்க இறங்குங்க. எங்கப்பா எனக்கு ஓட்டிப் பழக்குன வண்டி. ரோடுவரைக்கும் போயிட்டு வந்து காட்டுறேன், இவன் பயம் தெளியட்டும்."

"அண்ணே, எதுக்கும் ஒரு மெக்கானிக்க கூட்டியாந்து..." என்றான் ரொனால்டு.

"அட இறங்குங்க தம்பி."

அவர் ஏறிக் கதவை அறைந்தார். சூசை ஜன்னலைப் பிடித்துக்கொண்டான். "அய்யா, வேணாங்கய்யா. போனா ரெண்டு மிதி மிதிங்க. ஒண்ணுக்கு நிக்காது, ரெண்டு மிதி."

"கைய எடுலே."

கையை எடுத்தான்.

வண்டி கரைமேல் நன்றாகத்தான் போயிற்று. ஒரு இடத்தில் பின்பக்கப் பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்து வண்டி நின்றது. தங்கமுத்து ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, பார்த்தாயா என்பதுபோல் ஆட்டினார். ரொனால்டு மூச்சை விட்டான். பிறகு வண்டி மூக்கைத் தாழ்த்திச் சரிவில் இறங்கியது. விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. வண்டி மட்டும் நிற்கவில்லை. தென்னை இரைச்சலில் சூசைக்கு ஒன்றும் கேட்கவில்லை. விளக்கு அணைந்தது, மறுபடி எரிந்தது. ரெண்டு மிதி, என்று அவன் வாய் சொல்லிற்று. அதற்குள் ரோட்டில் ஒரு தார்ப்பாய் மூடிய லாரி மேற்கிலிருந்து வந்து, காரை மறைத்துக்கொண்டு, நீளமாக இழுத்து நின்றது. அவன் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது ரோடு முழுக்கத் தக்காளியாகக் கிடந்தது.

தங்கமுத்துவை மதுரைக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்து செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்தார். ரொனால்டு தன் பணத்தை வாங்கிக்கொண்டான். போலீசில் கேட்டபோது நடந்ததை நடந்தபடி சொன்னான். கார் ஓட்டாதீங்க என்று அந்த வேலைக்காரர் ஜன்னலைப் பிடித்துக் கெஞ்சினார், இவர் கேட்கவில்லை. வண்டியைப் பார்க்க வந்தவர்கள் நசுங்கிக் கிடந்ததைச் சுற்றி வந்து, பழைய வண்டி, பிரேக் பிடிக்கவில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

இதற்கு நடுவே திங்கள் காலை மில் வண்டி வந்து தெருமுனையில் ஹாரன் அடித்தது. செபஸ்தியம்மாள் வாசலிலேயே நின்று, "மொதலாளி சாகக் கெடக்காரு, இப்ப ஒண்ணும் பேச முடியாது," என்று திருப்பி அனுப்பினாள். உள்ளே வந்து புருசன் எதிரில் உட்கார்ந்தாள்.

"சொன்னீகள்ல?"

"சொன்னேன்."

"அம்புட்டையும் சொன்னீகளா?"

சூசை தரையைப் பார்த்தான். "வெட்டுனது எங்க மூடுனேனோ அங்கயேதான் இருக்கும். யாரும் தோண்டப்போறதில்ல," என்றாள். அதை ஆறுதலுக்குச் சொன்னாளா, காறித் துப்பினாளா என்று அவனுக்குத் தெரியவில்லை.

பதினாறாம் நாள் கருமாதி. காலையிலேயே ஆள் வந்து, தங்கமுத்துவின் மனைவி ஒச்சம்மாள் கூப்பிடுவதாகச் சொன்னான். "போகாதீக," என்றாள் செபஸ்தியம்மாள். போகாவிட்டால் தப்பாகப் போய்விடும் என்று சூசை போனான்.

வாசலில் பந்தல். ஒச்சம்மாள் உள்கட்டில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அழுது முடித்த முகம். பெரிய உடம்பு பதினாறு நாளில் பாதியாகியிருந்தது. மடியில் நாலாய் மடித்த காகிதம்.

"வா சூசை. உள்ள வா. பரவால்ல, வா."

அவன் நிலைக்கு உள்ளே ஒரு அடி வைத்து நின்றான்.

"அந்தத் தம்பி எல்லாம் சொல்லிச்சு. நீ சன்னலப் புடிச்சுக்கிட்டு விடலையாமே. கையத் தட்டி விட்டுட்டுப் போயிருக்காரு. அவரு அப்பிடித்தான். நாப்பது வருசம் நான் சொல்லி எதக் கேட்டாரு?" மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. என்னதான் ஆச்சு அந்த வண்டிக்கு? உனக்குத் தெரியுமில்ல?"

வெளியே சமையல்காரர்கள் அண்டாவை இழுக்கிற சத்தம்.

"பழைய ரப்பருங்கம்மா," என்றான். "புதுசு வாங்கித் தரச் சொன்னேன். அய்யா வேணாம்னுட்டாரு."

சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஒச்சம்மாள் கண்ணை மூடித் தலையை ஆட்டினார்.

"அதுக்கும் கணக்குப் பாத்தாரா. ஆயிரமா ரெண்டாயிரமா... அதுக்கும் கணக்கு." காகிதத்தை நீட்டினார். "இந்தா. அவரு கணக்க இனிமே இந்த வீட்டுல வச்சுக்க எனக்கு மனசில்ல. எழுபத்தெட்டோ என்னமோ எழுதி வச்சிருக்காரு. நீ எங்களுக்கு ஒத்த ரூபா தர வேணாம். என் முன்னாடியே கிழிச்சிரு."

சூசை இரண்டு கையாலும் வாங்கினான். வாங்கும்போது, இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தான். அம்மா, நான்தான் வெட்டுனேன். மூன்று சொல். நாக்கு நுனிவரை வந்தது. காகிதத்தில் அவனுடைய கையெழுத்து, முதல் எழுத்து பெரிதாகவும் கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியிலும், அவனைப் பார்த்தது. கிழித்தான். குறுக்காக ஒரு தடவை, நெடுக்காக ஒரு தடவை.

"பாப்பாவ நல்லாப் படிக்க வையி," என்றார் ஒச்சம்மாள். பிறகு வெளிப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏய், யாருடா அங்க? சூசைய மொதப் பந்தியில ஒக்கார வைங்க. வயிறாரப் போடுங்க. அவரு உசுரக் காப்பாத்தப் பாத்த மனுசன்."

அவனை உட்காரவைத்தார்கள். இலை போட்டார்கள். சோறு, பருப்பு, பூசணிக்காய் வெஞ்சனம், அப்பளம். பந்தலைத் தூக்கிக்கொண்டு போவதுபோல் காற்று அடித்தது. இலை பறக்காமல் இருக்க எல்லோரும் ஒரு கையால் பிடித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். பரிமாறுகிறவன் இரண்டாம் முறை வந்து, போதும் என்று சொல்ல விடாமல் போட்டான். மூன்றாம் முறையும் போட்டான்.

சூசை இடது கையால் இலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தலை நிமிராமல், போட்டதையெல்லாம் தின்றான்.